கோட்டை பார்க்கப் போய், நேர்த்தியோடு திரும்பினோம்

கோட்டைக்குள் என்ன இருந்தது?

வேலையிடத்தில் கேட்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வாட்ஸ்அப்பில் கேட்கிறார். லண்டனிலிருந்து ஒரு பகல் முழுவதும் பயணம் செய்து, ஸ்கொட்லாந்தின் ஒரு ஏரிக்கரைக் கிராமத்தில் தங்கிவிட்டு வந்த எனக்கு, அந்தக் கிராமத்துக்கு ஆட்கள் எதைப் பார்க்கப் போகிறார்களோ அதற்குள் என்ன இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. வெளிச்சுவரைப் பற்றி வேண்டுமானால் சொல்லலாம். சாம்பல் நிறம். நாங்கள் நின்ற நாள்களில் எப்போதும் நனைந்திருந்தது.

கிராமத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே ஒரே ஒரு பலசரக்குக் கடைதான் உண்டு. ஊரைச் சொன்னால் கடையைச் சொன்னதாகிவிடும், கடையைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

போகலாம் என்றது என் கணவர் ஜூட். அவருடைய மேலதிகாரி அந்தப் பக்கத்தவர். ஏரி, மலை, தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் பழைய கோட்டை என்று தொலைபேசியில் படங்களைக் காட்டி இவருடைய மனதைக் கெடுத்துவிட்டார். பாடசாலை அரைத்தவணை விடுமுறை, பார்க்கிங் என்கிற எங்கள் லண்டன் பகுதியில் அடைந்து கிடக்காமல் பிள்ளைக்குக் கொஞ்சம் நல்ல காற்று என்றார் இவர். நல்ல காற்றைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. என் பயம் சாப்பாட்டைப் பற்றியது.

எங்கள் மகன் ஜோவனுக்கு மூன்று வயது கடந்துவிட்டது. போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் அன்று, அப்டன் பார்க்கில் ஓர் உறவினர் வீட்டில் ரிச் கேக்கில் ஒரு துண்டு தின்றான். அதில் கஜு, அதாவது முந்திரிப்பருப்பு, இருந்தது. உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. அம்புலன்ஸ் வந்த பின்தான் திரும்ப மூச்சு வந்தது, அவனுக்கும் எனக்கும். கஜு, கச்சான் என்கிற வேர்க்கடலை எதுவும் இனி வாயில் படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தொடையில் குத்துகிற பேனா போன்ற ஊசி இரண்டு தந்தார்கள். அன்று தொடக்கம் அவை இல்லாமல் நான் குப்பை கொட்டவும் படியிறங்குவதில்லை. நான் ஊரில் படித்தது உயிரியல், இங்கே பகுதிநேரமாக வேலை செய்வது மருந்துக்கடையில். அப்படியிருந்தும் ஒரு நாளைக்குப் பல தடவை கைப்பையைத் திறந்து ஊசி இருக்கிறதா என்று பார்க்கிறேன். மூடியதும் சரியாகத்தான் பார்த்தேனா என்று சந்தேகம் வந்துவிடும்.

ரயிலில் எங்களுக்கு எதிரே ஒரு ஸ்கொட்லாந்துப் பெண் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வறுத்த கச்சான் பக்கெட் ஒன்றை எடுத்துப் பிரித்தார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தார், எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார், "மன்னியுங்கள், பிரிக்க முன்னம் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவருக்கோ வெட்கம்.

"முழு ரயிலுக்கும் அறிவிச்சாச்சோ? இல்லாட்டி ட்ரைவரிட்டயும் ஒருக்காச் சொல்லட்டோ?" என்றார்.

கிளாஸ்கோவுக்குப் பிறகு மாறவேண்டிய சின்ன ரயில் ஓடவில்லை. தண்டவாளத்தில் மரம் விழுந்துவிட்டதாம். பதிலுக்கு ஒரு பஸ் விட்டார்கள். அந்தச் சாரதி வழியில் கண்ட எல்லோரையும் தெரிந்துவைத்திருந்தார். ஒருவரிடம் ஆட்டைப் பற்றிக் கேட்டார், இன்னொருவரிடம் முழங்காலைப் பற்றிக் கேட்டார். பார்க்கிங்கில் இப்படி ஒரு பஸ் நின்று கதைத்தால் பின்னால் வருபவர்கள் ஹோர்ன் அடித்தே கொன்றுவிடுவார்கள். இங்கே ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஏரியைச் சுற்றிச் சுற்றிப் போன பாதையில் ஜோவன் என் மடியில் சத்தி எடுத்தான். "அந்தா கோட்டை, பாரும் பாரும்" என்று இவர் காட்டியபோது நான் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மரங்கள்தான் தெரிந்தன.

தங்கிய வீட்டுக்காரி ஓர் உயரமான, அதிகம் பேசாத பெண். பிள்ளைக்கு எது ஆகாது என்று அவராகவே கேட்டார். அடுத்த நாள் காலை, மேசையில் இருந்த, பருப்பு வகை கலந்த தானியப் போத்தல் காணாமல் போயிருந்தது. உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சியும் உருளைக்கிழங்கில் தட்டிச் சுட்ட ரொட்டியும் வைத்தார். கஞ்சியை நான் மிளகாய்த்தூள் இல்லாத துக்கத்தோடு குடித்தேன். ரொட்டி நன்றாக இருந்தது. வெளியே ஏரி தகரம் போலக் கிடந்தது. மழை தூறியது. மழை விட்ட இடைவெளியில் நுளம்பின் பேரப்பிள்ளைகள் போல ஒரு வகைப் பூச்சி கூட்டமாக வந்து காதுக்குள் புகுந்தது. கோட்டை கரையோரமாக நடந்துபோகும் தூரத்தில்தான் இருந்தது. "முதல்ல பால் ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன்" என்று இவர் கடைக்குள் போனார்.

பஸ் தரிப்பிடக் கூரையின் கீழ் தள்ளுவண்டியோடு நின்றேன். நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். பிள்ளை வண்டிக்குள் நித்திரையாகி, எழும்பி, அழத் தொடங்கிவிட்டான். பொறுமை போய், வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். இவர் கல்லாவில் முழங்கையை ஊன்றி நிற்கிறார். மறுபக்கத்தில் மீசை வைத்த ஒருவர், "குருநகரில எவடம்? சேர்ச்சுக்கு இஞ்சாலையோ அங்காலையோ?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்கு விளங்கிவிட்டது. குருநகர் யாழ்ப்பாணத்தில் இவருடைய ஊர். இனி இந்த உலகத்தில் கோட்டை என்று ஒன்று இல்லை.

அவர் அருள் அண்ணை. எத்தனையோ வருடமாக அந்தக் கிராமத்துக்குப் பாலும் பேப்பரும் பெற்றோலும் விற்பவர். வெள்ளைக்காரர் வந்தால் அசல் ஸ்கொட்லாந்து உச்சரிப்பில் பேசுகிறார், அவர்கள் போனதும் நடுவில் ஒன்றுமே நடக்காதது போலக் குருநகருக்குத் திரும்பிவிடுகிறார். மேல்மாடியிலிருந்து அவருடைய மனைவி டெய்சி அக்கா இறங்கி வந்தார். நான் படித்த கொன்வென்டில்தான் அவரும் படித்தாராம். அது போதும், எங்கள் சனத்துக்கு உறவு முடிக்க.

"சாப்பிட்டிட்டுத்தான் போறியள்" என்றார்.

கோட்டை பூட்டிவிடுவார்கள் என்று மெல்லச் சொன்னேன்.

"அந்தக் கோட்டை ஐந்நூறு வருசமா ஓடேல்லைப் பிள்ளை" என்றார் அருள் அண்ணை. "சோறு ஆறிப்போம்."

உள்ளே என்ன பார்க்க இருக்கிறது என்று கேட்டேன். அவர்கள் ஒரு நாளும் போனதில்லையாம். கடையைப் பூட்டிவிட்டு எப்படிப் போவது?

விருந்தினர் என்றால் டெய்சி அக்கா சும்மா சோறு வைக்கமாட்டார். மஞ்சள் சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல். சோற்றின் மேல் நெய்யில் பொரித்த பிளம்ஸ், அதாவது உலர்ந்த திராட்சை. அதற்கும் மேல், கை நிறைய அள்ளித் தூவியிருந்தார், கஜு.

நான் சொன்னேன். ஒளிக்கவில்லை, சுற்றி வளைக்கவில்லை. பிள்ளைக்குக் கஜு அலர்ஜி, நத்தாருக்கு ஆஸ்பத்திரியில் இருந்தான், வாயில் படவே கூடாது என்று தெளிவாகச் சொன்னேன்.

"உது சின்னன்ல எல்லாருக்கும் இருக்கிறதுதான், தங்கச்சி. கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தால்தான் உடம்பு பழகும்."

பழகாது அக்கா, மூச்சு நின்றுவிடும் என்றேன்.

"நான் கஜுவை எல்லாம் பிறக்கிப்போட்டுத் தாறன். பார், ஒண்டுகூட இல்லை." விரலால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அதே விரலால் சோற்றைப் பிசைந்தார். கஜு பொரித்த நெய் சோறு முழுவதும் கலந்திருக்கும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். ஊசியைக் கூட எடுத்துக் காட்டினேன். அருள் அண்ணை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த நோயெல்லாம் என்றார். ஊரில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். அவர் ஊசியைப் பார்த்த அந்த நேரத்தில் டெய்சி அக்கா ஜோவனைத் தன் மடியில் தூக்கி வைத்துவிட்டார். அவனும் பசியில் வாயைத் திறந்துவிட்டான்.

எழுந்து தட்டிவிட்டிருக்கலாம். என் கை எழும்பவில்லை. முதல் தடவை வந்த வீடு, மூத்தவர், அவர் கையில் அன்னம். ஒரு கணம்தான், ஆனால் அந்தக் கணத்தில் நான் மரியாதையைத்தான் யோசித்தேன்.

"அக்கா, அவனுக்கு நேர்த்தி" என்றார் இவர்.

கை அந்தரத்தில் நின்றது. நேர்த்திக்கடன் என்ற சொல்லுக்கு அவ்வளவு பலம்.

"கச்சான், கஜு ஒண்டும் தொடுறேல்லை. நத்தாருக்கு வருத்தம் வந்து தப்பினவன். அதுக்குப் பிறகு மாதாவுக்கு விட்டிருக்கிறம்."

டெய்சி அக்கா பிடிசோற்றைத் தட்டில் போட்டுவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். "முதலே சொல்லுறதுக்கென்ன, பிள்ளை?" என்று என்னைத்தான் ஏசினார். பிறகு நடந்ததை என் கண்ணாலேயே நம்ப முடியவில்லை. மேசையிலிருந்து அந்தச் சோறு முழுவதையும் அகற்றினார். மேசையைச் சோப் போட்டுத் துடைத்தார். முழங்கை வரை கை கழுவினார். புதுச் சட்டி எடுத்து வெள்ளைச் சோறு வைத்தார். தன் பிள்ளைகள் இருவரையும் கூப்பிட்டு, தம்பி நிற்கும் வரை கச்சான், கஜு உள்ள எதையும் வீட்டில் திறக்கக்கூடாது என்று கட்டளை போட்டார். மருத்துவர் எனக்கு அச்சடித்துத் தந்த அறிவுரை முழுவதையும், ஒரு வரி வாசிக்காமல், அவர் செய்து முடித்தார்.

பிள்ளை வயிறாரச் சாப்பிட்டான்.

கோட்டை வாசலுக்கு ஓடினோம். கடைசி ஆட்களை உள்ளே விட்டாயிற்று என்று வாயிற்காவலர் கையை விரித்தார். "நாளைக்கு வாருங்கள், கோட்டை எங்கேயும் போகாது" என்று அவரும் சொன்னார். அந்த ஊரில் எல்லோருக்கும் இந்த ஒரே பகிடிதான் போலும்.

திரும்பும் வழியில் ஏரிக்கரையில் வைத்து இவரோடு சண்டை பிடித்தேன். மாதாவின் பெயரில் பொய் சொல்லலாமா, நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று என்றால் எந்த முகத்தோடு போய் முழங்காலில் நிற்பது என்று கேட்டேன்.

"நீர் ஆஸ்பத்திரிக் கதை சொன்னீர். கை நிண்டதோ? நான் நேர்த்தி எண்டன். நிண்டுது. பிள்ளை சுகமா இருக்கிறானோ இல்லையோ?"

"அதுக்காகப் பொய்யோ?"

"அவன் கஜு தின்னிறேல்லை எண்டது உண்மை. வருத்தம் வந்து தப்பினது உண்மை. மாதாவை நடுவில விட்டது மட்டும்தான்."

ஏரித் தண்ணீர் கல்லில் தட்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அப்பால் கோட்டை, இவருடைய மேலதிகாரியின் படத்தில் இருந்தது போலவே, அழகாகத்தான் இருந்தது. எரிச்சலோடு பார்த்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் கஞ்சி குடித்து முடிப்பதற்குள் டெய்சி அக்கா கடை வான் வண்டியோடு வாசலில் நின்றார். பக்கத்துச் சிறுநகரத்தில் பூசை. நேர்த்தி வைத்த பிள்ளையைக் கோவிலுக்குக் கொண்டுபோகாமல் கோட்டைக்கா கொண்டுபோவது? பூசை முடிந்ததும் என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குருவானவரிடம் எல்லாம் சொன்னார். அந்த வயதான ஸ்கொட்லாந்துக்காரர் ஜோவனின் தலையில் கை வைத்துச் செபித்தார். கோவிலில் மிச்சமிருந்த கொஞ்சப் பேரையும் செபிக்கச் சொன்னார். எல்லோரும் கண் மூடி நிற்கிறார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவரைப் பார்த்தேன், இவரும் பக்தியோடு கண் மூடி நின்றார். நடிப்பா, உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

மத்தியானம் மீண்டும் அவர்கள் வீட்டில். புட்டும் மீன்குழம்பும். அடுப்படித் தட்டுகளில் பாதி வெறுமையாக இருந்தது.

"வீட்டில இருந்த கஜு, கச்சான் எல்லாம் கடைக்கு வாற கிழவி ஒருத்திக்குக் குடுத்திட்டன்" என்றார் டெய்சி அக்கா. "பச்சைப் பிள்ளை தனிய விரதம் இருக்கேக்க நாங்கள் எப்பிடித் தின்னிறது? உங்கட நேர்த்தி முடியுமட்டும் நாங்களும் தொடமாட்டம்."

அவருடைய மூத்த மகள் பதினைந்து வயதுக்காரி. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பாணுக்குப் பூசுகிற, பருப்புக் கலந்த சொக்லெட்டும் போய்விட்டது அன்ரி என்று என்னிடம் ஆங்கிலத்தில் முறையிட்டாள். அந்த நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அப்போது டெய்சி அக்கா ஜோவனுக்கு மீன் முள் எடுத்துத் தீத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் தன் விரலை ஒருதரம் பார்த்தார், அதில் வேறு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று. என்னுடைய சொந்தக்காரர் ஒருவர் கூட அப்படிப் பார்த்ததில்லை. சொல்ல வந்ததை விழுங்கினேன்.

திங்கட்கிழமை பஸ் மத்தியானம்தான். காலையில் கோட்டை திறக்கும் நேரத்துக்கே போய் நின்றோம். வாசலில் பூ வளையம். பாவாடை கட்டிய ஒருவர் பைக்குழல் ஊதிக்கொண்டிருந்தார். உள்ளே கல்யாணமாம், அன்றைக்குப் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள். மணப்பெண் வெள்ளைச் சட்டையின் அடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழைச் சேற்றைத் தாண்டி உள்ளே போனாள். அந்தக் கோட்டைக்குள் நுழைந்த ஒருவரையாவது கண்டோம். இவர் வேலிக் கம்பிக்கு மேலால் கையை நீட்டி வெளிச்சுவரைப் படம் எடுத்தார். அந்தப் படத்தில் பாதி இவருடைய பெருவிரல்.

பஸ் தரிப்பிடத்துக்கு டெய்சி அக்கா வந்தார். வழிக்கு இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொண்டுவந்திருந்தார். பொதியை என் கையில் வைத்து, "கஜு இல்லை, நெய்யும் இல்லை, புதுப் பாத்திரம்" என்றார். பிறகு நேர்த்தியை எப்போது, எங்கே முடிக்கப் போகிறோம் என்று கேட்டார்.

நான் இவரைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருங்கள் என்பதை என் கண் எவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சொன்னது.

"வாற ஆவணியில அக்கா, மாதா திருநாளுக்கு" என்றார் இவர்.

கோடையில் லண்டன் தமிழர்கள் பஸ் பிடித்துப் போகும் ஒரு மாதா கோவில் உண்டு. டெய்சி அக்காவுக்கும் அது தெரிந்திருந்தது. அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நாங்களும் வாறம். ஒரு நாளும் கடை பூட்டினதில்லை, இதுக்குப் பூட்டுறம். முதல் நாளே உங்கட வீட்டை வந்து நிண்டு, எல்லாரும் சேர்ந்து போவம். நேர்த்தி முடிச்ச கையோட முதல் கஜு நான்தான் அவனுக்குத் தீத்துவன். அதை ஒருத்தருக்கும் விடமாட்டன்."

சாரதி கதவை மூடினார். ஜன்னலுக்கு வெளியே டெய்சி அக்கா மழையில் கை காட்டிக்கொண்டு நின்றார். ஜோவனும் கை காட்டினான். நான் கைப்பையைத் திறந்து ஊசியைப் பார்த்தேன்.

இது நடந்து மாதங்கள் போய்விட்டன. ஒவ்வொரு ஞாயிறும் டெய்சி அக்கா தொலைபேசி எடுக்கிறார். மகளின் பிறந்தநாள் கேக்கில் கூடக் கஜு போடவில்லையாம். இதைக் கேட்ட பிறகு எனக்கும் கஜு தொண்டையில் இறங்குவதில்லை, நானும் விட்டுவிட்டேன். ஒரு வீடு முழுவதும், கூடவே நானும் நேர்த்தி காக்கும்போது அது இன்னும் பொய்தானா என்று சில நாள்களில் குழம்புகிறேன். எங்கள் பங்குச் சுவாமியிடம் போய்க் கேட்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிடு மகள் என்றார். எப்படிச் சொல்வது என்பதை அவரும் சொல்லவில்லை. நேர்த்தியைப் பதினெட்டு வயது வரை நீட்டிவிடுவோம் என்கிறார் இவர். அப்படியென்றால் அந்தக் குடும்பம் அதுவரை தொடாமல் இருக்குமே. இருக்கும், எனக்குத் தெரியும். அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?

உண்மையைச் சொன்னால் அவர் மனம் உடையும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் நேர்த்தி இல்லை, அலர்ஜிதான் என்று தெரிந்த பிறகு, அந்தக் கை முன்புபோல நிற்குமா, இல்லை கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவோம் என்று திரும்பவும் கிளம்புமா? அதுதான் என் பயம். சொல்லாமல் விட்டாலோ, ஆவணியில் மாதா கோவில் முற்றத்தில், எல்லோரும் கைதட்ட, என் பிள்ளையின் வாய்க்கு நேரே கஜு வரும்.

நேற்று அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஊரிலிருந்து வருகிற ஒருவரிடம் சொல்லி, முழுசான, பெரிய கஜுவாகப் பார்த்து எடுப்பித்து வைத்திருக்கிறாராம். "உடைஞ்சதைக் குடுக்கக் கூடாதெல்லோ, பிள்ளை" என்கிறார்.

வாசிக்கிற உங்களில் யாருக்காவது, பிள்ளையின் உணவுக்காக உறவுக்கு முன்னால் இப்படி ஒரு இடத்தில் நிற்க வேண்டி வந்திருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். நேரில் சொல்வதா, தொலைபேசியிலா? இவரைச் சொல்லவிடுவதா, நானே சொல்வதா? முதல் வசனம் என்ன? மிச்சத்தை எப்படியாவது நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த முதல் வசனத்தை மட்டும், அவர்கள் கடையைப் பூட்டிக்கொண்டு புறப்படுவதற்கு முன்னால், யாராவது எழுதி அனுப்புங்கள்.